பழைய யிட்டிஷ் கையெழுத்துப் பிரதிகள்: கையில் எடுப்பது முதல் காப்பகத்தில் ஒப்படைப்பது வரை முழுமையான வழிகாட்டி

1946 செப்டம்பர் 18 அன்று, வார்சா நகரில் தரைமட்டமாகிக் கிடந்த நோவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக்கூடத்தின் அடியிலிருந்து பத்து உலோகப் பெட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். வரலாற்றாய்வாளர் இமானுவேல் ரிங்கல்ப்ளூமும் அவருடைய தோழர்களும் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவுக்குள் ரகசியமாகத் திரட்டிய ஆவணங்கள் அவற்றில் இருந்தன. பெரும்பாலும் ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷிலும் போலிஷிலும் எழுதியவை. 1942 ஆகஸ்டில் அவசரமாகப் புதைத்தபோது பெட்டிகளின் மூடிகளைப் பற்றவைக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளில் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்திருந்தன, பல இடங்களில் மை கரைந்து ஓடியிருந்தது.

அதே இடத்தில் 1950 டிசம்பர் 1 அன்று இரண்டு பால் கேன்கள் கிடைத்தன. 1943 பிப்ரவரியில் புதைத்தவை. உள்ளே இருந்த தாள்கள் எவ்வளவோ நல்ல நிலையில் இருந்தன. அதே ஊர், அதே மண், கிட்டத்தட்ட அதே காகிதம். வேறாக இருந்தது பாத்திரமும் அதன் மூடியும்தான். இன்று சுமார் 35,000 பக்கங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கிறது. யுனெஸ்கோ 1999இல் அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

யிட்டிஷ் காகிதங்களைக் கையாளும் யாருக்கும் நான் முதலில் இந்த இரண்டு தேதிகளைத்தான் சொல்வேன். போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசிய மொழி இது. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் மிகப் பெரும்பான்மையோர் யிட்டிஷ் பேசியவர்கள். ஆகவே உங்கள் மேசையில் இருக்கும் கடிதத்துக்கோ நோட்டுப் புத்தகத்துக்கோ இன்னொரு பிரதி பெரும்பாலும் இருக்காது, எழுதியவரிடம் கேட்கவும் வழி இருக்காது. போரிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் தப்பி வந்த தாள்களுக்கு இன்று அதிகமாகக் கேடு செய்வது நல்லெண்ணத்தோடு நீளும் கைகள்தான். டேப் ஒட்டுவார்கள், லேமினேட் செய்வார்கள், ஈரத் துணியால் துடைப்பார்கள். எனவே இந்த வழிகாட்டியில் எதைச் செய்யலாம் என்பதற்குக் கொடுத்த இடத்தை, எதைத் தொடக்கூடாது என்பதற்கும் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: பிரிக்காதீர்கள், அடுக்காதீர்கள்

பழைய பெட்டியோ சூட்கேஸோ கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பத்தான் ஆசை வரும். பொறுங்கள். பெட்டி வந்தபடியே மூடியோடு ஒரு படம் எடுங்கள். திறந்ததும் ஒரு படம். ஒவ்வொரு கட்டையும் எடுக்கும் முன் ஒரு படம். எந்தக் கடிதம் எந்த உறைக்குள் இருந்தது, எந்தப் புகைப்படம் எந்தத் தாளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது என்பதெல்லாம் செய்திகள். ஒரு முறை கலைத்துவிட்டால் யாராலும் அதைத் திரும்ப உண்டாக்க முடியாது.

வில்னா நகரத்தில் (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) நடந்ததைப் பாருங்கள். யீவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனம் 1925இல் அங்கே தொடங்கியது. ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் அனுப்பிய கையெழுத்துகள் அங்கே மலைபோல் சேர்ந்தன. 1942இல் நாஜிகள் கெட்டோவிலிருந்த சுமார் 40 பேரைக் கொண்டு அந்தச் சேகரத்தைத் தரம் பிரிக்க வைத்தார்கள். ஒரு சிறு பகுதி ஜெர்மனிக்கு, மீதி எல்லாம் காகித ஆலைக்கு என்பது கட்டளை. கவிஞர்கள் ஆப்ரகாம் சுட்ஸ்கேவரும் ஷ்மெர்கே காச்செர்கின்ஸ்கியும் அந்தக் குழுவில் இருந்தார்கள். உடைக்குள் தாள்களை ஒளித்து, வாசலில் சோதனை போடும் காவலர்களைத் தாண்டி, உயிரைப் பணயம் வைத்து அவர்கள் கொண்டுபோனவை பல இடங்களில் புதைக்கப்பட்டன. போருக்குப் பின் சோவியத் ஆட்சியிலும் ஆபத்து தொடர்ந்தது. அப்போது அன்டானஸ் உல்பிஸ் என்ற லித்துவேனிய நூலகர் அந்தக் காகிதங்களைப் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் பல்லாண்டுகள் மறைத்து வைத்தார். இன்று அந்தச் சேகரத்தின் ஒரு பாதி நியூயார்க்கிலும் இன்னொரு பாதி வில்னியஸிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே இணையத் தொகுப்பாக்கும் பணி 2022இல் முடிந்தது. ஒரே கோப்பின் தாள்கள் இரண்டு கண்டங்களில் கிடக்கும்போது, தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலில் போட்ட ஓர் எண்கூட அவற்றைச் சேர்த்துவைக்கும் இழையாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்குக் குப்பையாகத் தெரியும் குறிப்பையும் அழிக்காதீர்கள்.

இரண்டாம் படி: மேசையும் கையும்

தாளை விடப் பெரிய, சுத்தமான, காலியான மேசை வேண்டும். மேலே வெள்ளைக் காகிதமோ வெளுத்த பருத்தித் துணியோ விரியுங்கள். காபி, தண்ணீர் பாட்டில், பேனா மூன்றும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். எழுத வேண்டுமென்றால் பென்சில் மட்டும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். கிரீம், எண்ணெய் கூடாது. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டால்தான் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். காகிதத்துக்கு அது நல்லதல்ல. கையுறைக்குள் விரல் உணர்வு மழுங்கிவிடும், துணியின் இழை தாளின் கிழிந்த விளிம்பில் மாட்டிக்கொள்ளும். சுத்தமான வெறுங்கையே மேல். புகைப்படங்களையும் பூஞ்சை பிடித்தவற்றையும் தொடும்போது மட்டும் நைட்ரைல் கையுறை போடுங்கள்.

தாளை மூலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் ஒரு விறைப்பான அட்டையைச் செருகி, அட்டையோடு தூக்குங்கள். திருப்ப வேண்டுமா? மேலே இன்னொரு அட்டையை வைத்து, இரண்டுக்கும் நடுவே தாள் இருக்கத் திருப்புங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பக்கம் முதல் பக்கம்?

யிட்டிஷ் எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்படுவது. நாம் இடமிருந்து வலம் படித்துப் பழகியவர்கள். எனவே கை தானாகவே தவறான அட்டையைத் திறக்கும். புத்தகத்தின் முதுகு வலப்பக்கம் இருக்கும்படி வைத்தால்தான் முன் அட்டை மேலே இருக்கும். தொடக்கப் பக்கங்களைத் திறக்கும்போது வலப்பக்க அட்டைக்குக் கீழே உயரமான தாங்கல் வையுங்கள். பக்கங்கள் நகர நகர அந்த உயரத்தை இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். 180 பாகைக்கு அழுத்தித் திறக்கவே கூடாது. முதுகு முறிந்துவிடும்.

இரண்டாக மடித்த ஒரே தாளில் நான்கு பக்கம் எழுதிய கடிதங்கள் ஏராளம். மடிப்பு வலப்பக்கம் இருக்கும்படி வைத்தால் மேலே தெரிவது முதல் பக்கம். விரித்தால் வலது பாதி இரண்டாம் பக்கம், இடது பாதி மூன்றாம் பக்கம். பின்னால் இருப்பது நான்காவது. இது புரியாமல் ஸ்கேன் செய்து 1, 3, 2, 4 என்று கோப்பு போட்டுவிட்டால், படிக்க வருபவர் பாதி நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார். அப்புறம், இடம் போதாமல் ஓரங்களில் சுற்றிச் சுற்றி, சில சமயம் தலைகீழாகவும் எழுதுவது அந்தக் காலத்துக் கடிதங்களில் சர்வசாதாரணம். அந்த ஓர வரிகளில்தான் தங்கையின் விசாரிப்பும் பாட்டியின் ஆசியும் இருக்கும்.

எண் இடும்போது மிருதுவான பென்சிலால், அழுத்தாமல், ஒவ்வொரு தாளின் முன்பக்கத்தில் இடது மேல் மூலையில் சிறியதாக எழுதுங்கள். வலமிருந்து இடம் போகும் புத்தகத்தில் தாளின் முன்பக்கம் இடக்கைப் பக்கமாகத்தான் இருக்கும். உச்சியில் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் தனியாக இருந்தால் அதன் மேல் எதையும் எழுதாதீர்கள். அது பெரும்பாலும் ‘இறைவன் துணை’ என்ற பொருளில் போடும் தொடக்கச் சுழி.

நான்காம் படி: மையை அடையாளம் காண்பது

இந்த ஒரு படியில் மட்டும் அவசரப்படவே வேண்டாம். அடுத்து வரும் எல்லா முடிவுகளும் மையைப் பொறுத்தவை. ஒரு பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த விளக்கும் போதும்.

இரும்பு மை: கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதுதான் பொது மை. எழுதும்போது கறுப்பு, நாளடைவில் பழுப்பு. தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையமோ, எழுத்து பின்னால் ஊடுருவித் தெரிவதோ இருந்தால் மை தாளை அரித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தி எழுதிய கோடுகள் வெடித்து எழுத்து வடிவிலேயே துளை விழுந்திருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட தாளை வளைக்கக் கூடாது, ஈரப்படுத்தவும் கூடாது. ஈரம் பட்டால் இரும்பு அயனிகள் மையில்லாத இடத்துக்கும் பரவி அங்கேயும் அரிக்கத் தொடங்கும்.

காப்பியிங் பென்சில்: பலரும் ஏமாறுவது இதில்தான். கிராஃபைட்டோடு ஊதாச் சாயம் கலந்த பென்சில். ஊற்றுப் பேனாவைக் கையோடு கொண்டு போக முடியாத பயணிகளும் சிப்பாய்களும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். உலர்ந்திருக்கும்போது சாதாரண பென்சில் எழுத்து போலவே சாம்பல் நிறம். துளி ஈரம் பட்டால் பளிச்சென்று ஊதாவாக விரிந்து எழுத்தை விழுங்கிவிடும். நான் பார்த்த ஓர் அஞ்சலட்டையின் கீழ் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. யாரோ ஈர விரலால் தொட்டிருக்கிறார்கள். ரேகையின் ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தெரிகிறது. அதன் அடியில் இருந்த கையொப்பம் மட்டும் தெரியவில்லை. எழுத்தை உருப்பெருக்கிப் பார்க்கும்போது அங்கங்கே ஊதாப் புள்ளிகள் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் தொட்டுச் சோதித்துப் பார்க்காதீர்கள். இந்தச் சாயம் வெளிச்சத்திலும் வெளுத்துப்போகும்.

சாதாரண பென்சில் எழுத்து கரையாது, ஆனால் உரசினால் அழியும். தட்டச்சின் கார்பன் நகல்களும் அப்படித்தான். ஊதா நிறத்தில் பல பிரதி எடுத்த ஹெக்டோகிராஃப் தாள்களைக் காப்பியிங் பென்சில் போலவே கருதுங்கள்.

காகிதத்தைப் பொறுத்தவரை பொது விதி ஒன்று உண்டு. கந்தல் துணியில் செய்த பழைய காகிதம் திடமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த மரக்கூழ்க் காகிதம் தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே மஞ்சளாகி, நொறுங்கும். 1382ஆம் ஆண்டுத் தேதியோடு கெய்ரோவில் கிடைத்த யிட்டிஷ் கையெழுத்துச் சுவடி இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதைவிட 1930களின் பள்ளி நோட்டுப் புத்தகம் எளிதாக உதிரும். வயது குறைவு என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: உலர்ந்த சுத்தம் மட்டும்

தூசியை அகற்ற மிக மென்மையான, அகலமான தூரிகை போதும். தாளின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே திசையில், எடை கொடுக்காமல் தள்ளுங்கள். மை உதிர்கிற இடத்திலும் பென்சில் எழுத்திலும் தூரிகை படக்கூடாது. எழுத்தில்லாத ஓரங்களில் படிந்த கரியைப் பாதுகாப்பாளர்கள் உலர் ரப்பர் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பார்கள். அழிரப்பர் வேண்டாம். ரொட்டித் துண்டு, ஈரத் துணி, பிளீச் எல்லாம் பழைய காலத்து யோசனைகள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குண்டூசி, கிளிப் துருப்பிடித்திருந்தால் இழுக்கக் கூடாது. கிளிப்புக்கும் தாளுக்கும் இடையே இரு பக்கமும் மெல்லிய பாலியஸ்டர் படலத் துண்டைச் செருகுங்கள். தாளை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளிப்பின் கம்பியை ஸ்பாட்டுலாவால் மெதுவாகத் தூக்கி விரியுங்கள். துரு தாளோடு ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு நிபுணரிடம் கொடுங்கள். காய்ந்து ஒட்டிப்போன ரப்பர் பேண்டுக்கும் இதே கதைதான். பழைய செல்லோ டேப்பை உரிக்க முயலவே வேண்டாம். டேப்போடு எழுத்தும் வரும்.

யிட்டிஷ் நாடகப் பிரதிகள் கிடைத்தால் இன்னொரு கவனம். ஊர் மாறும்போதும் நடிகர் மாறும்போதும் வசனத்தின் மேல் சீட்டு ஒட்டி, அடித்துத் திருத்தி, வெவ்வேறு கைகளில் வெவ்வேறு மைகளில் எழுதியிருப்பார்கள். அந்த ஒட்டுச் சீட்டுகள் அழுக்கல்ல. சீட்டு, அதன் அடியில் இருக்கும் பழைய வசனம், இரண்டும் வேண்டும்.

ஆறாம் படி: மடிப்பை விரிப்பது, கிழிசலைத் தொடாமல் விடுவது

தாள் விறைப்பாக இல்லாமல் தானாக விரிந்தால் விரியுங்கள். விரித்தபின் மேலேயும் கீழேயும் அமிலமற்ற உறிஞ்சு தாள் வைத்து, அதன் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து ஓரிரு நாள் விடலாம். மடிப்பில் ‘பட்’ என்ற ஒலி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஈரப்பதம் ஏற்றித் தாளை இளக்கும் முறை உண்டு. ஆனால் இரும்பு மையும் காப்பியிங் பென்சிலும் இருக்கும் தாள்களுக்கு அது ஆபத்து. அதைப் பட்டறை வசதி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். நீராவியும் இஸ்திரிப் பெட்டியும் பேச்சுக்கே இடமில்லை.

கிழிசலுக்கு நிபுணர்கள் ஜப்பான் தாளும் கோதுமை மாவுப் பசையும் பயன்படுத்துவார்கள், ஏனென்றால் தேவைப்பட்டால் பின்னால் அதைப் பிரித்து எடுத்துவிடலாம். இரும்பு மை அரித்த தாளுக்கு அந்தப் பசையின் ஈரமே கெடுதல் என்பதால், ஜெலட்டின் தடவி உலர்த்திய மெல்லிய தாளை மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்டுவார்கள். மையில் இருக்கும் இரும்பைக் கட்டிப்போட நெதர்லாந்தில் 1990களில் உருவாக்கிய கால்சியம் ஃபைட்டேட் சிகிச்சையும் உண்டு. இவை எல்லாம் பட்டறைக்குள் நடக்க வேண்டியவை. நம் வேலை, கிழிந்த துண்டுகளை ஒட்டாமல், ஒரே உறைக்குள், எந்தத் துண்டு எந்தத் தாளுக்கு என்ற குறிப்போடு பத்திரப்படுத்துவது மட்டும். அமிலம் நீக்கும் ஸ்பிரேயை வாங்கி நீங்களாக அடிக்காதீர்கள். சில மைகளின் நிறமே மாறிவிடும்.

லேமினேஷன் பற்றி ஒரு வார்த்தை. 1930களிலிருந்து பெரிய காப்பகங்கள்கூட ஆவணங்களை பிளாஸ்டிக் படலத்துக்குள் சூடேற்றி ஒட்டின. அது நிரந்தரப் பாதுகாப்பு என்று நம்பினார்கள். இன்று அதே காப்பகங்கள் அதைப் பிரிக்கப் பெரும் பாடுபடுகின்றன.

ஏழாம் படி: பாத்திரமும் மூடியும்

அமிலமும் லிக்னினும் (மரக்கூழில் இருக்கும், தாளை மஞ்சளாக்கும் பொருள்) இல்லாத, கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டை உறைகளையும் பெட்டிகளையும் வாங்குங்கள். ஓர் உறைக்குள் பத்துப் பதினைந்து தாளுக்கு மேல் திணிக்க வேண்டாம். நொறுங்கும் தாள் என்றால் ஒன்றே ஒன்று. பெட்டிக்குள் தாள்கள் தொளதொளவென்று நின்றால் சரிந்து வளையும். நெருக்கமாக இருந்தால் எடுக்கும்போது கிழியும். பெரிய தாள்களைப் படுக்க வையுங்கள்.

தெளிவான பாலியஸ்டர் உறைகள் நல்லவைதான், தாளை வெளியே எடுக்காமலே பார்க்கலாம். ஆனால் அவற்றில் நிலைமின்சாரம் உண்டு. பென்சில் எழுத்தையும் உதிரும் மையையும் அது இழுத்துவிடும். அப்படிப்பட்ட தாள்களுக்குக் காகித உறையே சரி. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பிவிசி கவர்களில் போடாதீர்கள். காலப்போக்கில் அவை அமில வாயுவை வெளியிடும். செய்தித்தாள் நறுக்குகள் கடிதத்தோடு ஒட்டியபடி இருந்தால் பழுப்புக் கறை இறங்கும். நடுவே ஓர் அமிலமற்ற தாளை வையுங்கள். புகைப்படங்களுக்குத் தனி உறை, ஆனால் எந்தக் கடிதத்தோடு வந்தது என்று இரண்டு இடத்திலும் எழுதிவையுங்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள், குளியலறைச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத வெப்பமும் 30 முதல் 50 சதவீத ஈரப்பதமும் இலக்கு. இலக்கை எட்ட முடியாவிட்டாலும், ஒரே நாளில் ஏறி இறங்காமல் சீராக இருப்பது முக்கியம். சிறிய ஈரப்பத மானி ஒன்றை அலமாரிக்குள் வைத்து வாரம் ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். மூலப்பிரதியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். மாட்ட வேண்டுமென்றால் நல்ல அச்சு நகலை மாட்டுங்கள்.

நனைந்துவிட்டால், பூஞ்சை பிடித்தால்

அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸில் 1994 ஜூலை 18 அன்று ஆமியா என்ற யூத சமூக மையத்தின் கட்டடத்தைக் குண்டு தகர்த்தது. 85 பேர் இறந்தார்கள். அதே கட்டடத்தில்தான் அந்த நகரத்து யிட்டிஷ் ஆய்வு நிறுவனத்தின் நூலகமும் காப்பகமும் இருந்தன. இளைஞர்கள் இடிபாட்டில் ஏறி நூல்களையும் காகிதங்களையும் மீட்டார்கள். அப்படி ஒரு நாள் யாருக்கும் வரக்கூடாது. ஆனால் கசிந்த குழாய் எல்லார் வீட்டுக்கும் வரும்.

நனைந்த தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தோன்றலாம். கொஞ்சம் தாள்கள் என்றால் உறிஞ்சு தாளின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, மின்விசிறியைத் தாளை நோக்கி வைக்காமல் அறையில் காற்று நகர விடுங்கள். உறிஞ்சு தாளை அடிக்கடி மாற்றுங்கள். வெயிலும் ஹேர் ட்ரையரும் வேண்டாம். ஒட்டிக்கொண்ட கட்டைப் பிய்க்காதீர்கள். அளவு அதிகம் என்றால் சிறு சிறு கட்டுகளாக மெழுகுத் தாள் சுற்றி உறைய வையுங்கள். உறைந்த நிலையில் மையும் பூஞ்சையும் அப்படியே நிற்கும், உதவி கேட்க நேரம் கிடைக்கும். தோல் சுவடிகளும் கண்ணாடி நெகட்டிவ்களும் இதில் சேராது. அவற்றை உறைய வைக்காமல் உடனே நிபுணரை அழையுங்கள்.

ஏற்கெனவே பூஞ்சை இருந்தால் அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து, வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் தொடவே வேண்டாம். முதலில் உலர விடுங்கள். ஈரப் பூஞ்சையைத் துடைத்தால் தாளுக்குள் இழுகும். இராமபாணப் பூச்சி போன்றவை இருந்தால், உலர்ந்த தாள்களைக் காற்றுப் புகாத பாலித்தீன் பைக்குள் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைக்கலாம். வீட்டு ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையேல் தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

எட்டாம் படி: ஸ்கேன்

ஹாமெல்ன் ஊரின் க்ளிக்கல் என்ற வணிகப் பெண் கணவரை இழந்த துயரில் 1691இல் யிட்டிஷில் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். அவர் கைப்பட எழுதியது தொலைந்துவிட்டது. மகன் படியெடுத்து வைத்திருந்ததால்தான் 1896இல் அது அச்சேறியது. படி எடுத்துவைப்பதன் அருமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தாள்களை இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் கூடாது. மேலிருந்து படம் எடுக்கும் கேமரா ஸ்டாண்டோ தட்டையான ஸ்கேனரோ போதும். வண்ணத்தில், 400 பிபிஐ (அங்குலத்துக்கு 400 படப்புள்ளி), டிஃப் (TIFF) கோப்பு. வெற்றுப் பக்கம், உறையின் பின்புறம், அஞ்சல் முத்திரை எல்லாவற்றையும் எடுங்கள். தாளின் நான்கு விளிம்பும் படத்துக்குள் தெரிய வேண்டும். பக்கத்தில் வண்ண அட்டையும் அளவுகோலும் வையுங்கள். கோப்புப் பெயரில் எபிரேய எழுத்து வேண்டாம். எண்ணோடு சேரும்போது திரையில் வரிசை குழம்பிவிடும். ரோமன் எழுத்தும் எண்ணும் போதும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில்.

ஒன்பதாம் படி: விவரம் எழுதுவது

யிட்டிஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறையச் செய்யலாம். தேதியிலிருந்து தொடங்குங்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவ் 400, ரேஷ் 200, பே 80, ஹே 5 என்று நான்கு எழுத்து இருந்தால் 685. ஆயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம், அதாவது 5685. எழுதிய எண்ணோடு 1240ஐக் கூட்டுங்கள், 1925 வரும். ஆனால் யூத ஆண்டு செப்டம்பர்-அக்டோபரில் பிறக்கும். எனவே இலையுதிர்காலத்துக் கடிதம் என்றால் அது 1924. பலர் நாளையும் மாதத்தையும் எழுதாமல், அந்த வாரம் தொழுகைக் கூடத்தில் படிக்கும் தோரா (யூத வேதம்) பகுதியின் பெயரை மட்டும் எழுதுவார்கள். 685ஆம் ஆண்டு, ‘நோவா’ பகுதி என்று இருந்தால் 1924 அக்டோபர் கடைசி வாரம். எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

எழுத்துக்கூட்டலும் ஊரைக் காட்டிக்கொடுக்கும். ‘எமெஸ்’ என்றால் உண்மை. எபிரேயத்திலிருந்து வந்த சொல். மரபுப்படி எபிரேயத்தில் எழுதுவது போலவே எழுதுவார்கள். சோவியத் நாட்டிலோ அத்தகைய சொற்களை ஒலிப்புப்படி எழுத வைத்தார்கள். அப்படி எழுதியிருந்தால் சோவியத் பள்ளியில் படித்தவரின் கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊர்ப் பெயரை, கடிதத்தில் இருக்கும் யிட்டிஷ் வடிவம், அன்றைய அரசு வடிவம், இன்றைய வடிவம் என மூன்றாகக் குறியுங்கள். வில்னே, வில்னோ, வில்னியஸ் மூன்றும் ஒரே ஊர். லெம்பெரிக், லுவூவ், லிவிவ் மூன்றும் ஒரே ஊர். பிரிஸ்க் என்றால் இன்றைய பெலாரஸின் பிரெஸ்ட்.

பத்தாம் படி: எறியக் கூடாதவை, ஒப்படைக்க வேண்டியவை

இறைவனின் பெயர் எழுதிய தாளை அழிப்பது யூத மரபில் விலக்கு. அப்படிப்பட்ட தாள்களை யிட்டிஷில் ‘ஷேமெஸ்’ என்பார்கள். ‘பெயர்கள்’ என்று பொருள். தேய்ந்தாலும் கிழிந்தாலும் தனியே சேர்த்து வைப்பார்கள் அல்லது புதைப்பார்கள். கெய்ரோவின் அந்த 1382ஆம் ஆண்டுச் சுவடி நம்மிடம் வந்து சேர்ந்ததே இப்படிச் சேர்த்துவைத்த அறையிலிருந்துதான். எனவே பெண்கள் யிட்டிஷில் ஓதிய பிரார்த்தனைகள் எழுதிய நோட்டின் உதிர்ந்த துணுக்கையும் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஓர் உறையில் சேர்த்துவையுங்கள், என்ன செய்யலாம் என்று அந்தக் குடும்பத்தாரையோ ஒரு ரப்பியையோ (யூத மதகுரு) கேளுங்கள்.

வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் காப்பகத்துக்கு எழுதுங்கள். நியூயார்க்கில் யீவோ, ஜெருசலேமில் இஸ்ரேல் தேசிய நூலகமும் யாட் வாஷெமும், பாரிஸில் 1929இல் தொடங்கிய மெடெம் நூலகம், வார்சாவில் யூத வரலாற்று நிறுவனம், இப்படிப் பல உண்டு. அச்சு நூல்கள் என்றால் மாசசூசெட்ஸின் யிட்டிஷ் புக் சென்டர். கேட்காமல் பார்சல் அனுப்பாதீர்கள். எத்தனை தாள், எந்த ஆண்டுகள், யாருடையது, உங்களிடம் எப்படி வந்தது என்று ஒரு பக்கக் குறிப்பும் நான்கைந்து படங்களும் முதலில் போதும். அவர்கள் பதில் வந்ததும், பெட்டிக்குள் தாள்கள் நகராதபடி அமிலமற்ற தாளைக் கசக்கி இட்டு நிரப்புங்கள். வெளிப்பெட்டி ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஈரம் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்று. நீங்கள் முதல் நாள் எடுத்த படங்களையும், எந்தத் தாள் எங்கிருந்தது என்று எழுதிய பட்டியலையும் அச்செடுத்து மேலே வைத்து மூடியை அழுத்தி மூடுங்கள்.